தீவன அறைக்குள் யார் போவது

— இப்போ நீயா உள்ள போறியா, இல்ல நான் உன்னைத் தூக்கிக்கிட்டுப் போய் உள்ள போடணுமா?

— ஏன் அண்ணி, நீங்க போனா ஆகாதா?

— எனக்கு இடுப்பு பிடிச்சிருக்குடி. குனிய முடியல.

— காலையில குனிஞ்சு வீடு முழுக்கப் பெருக்கினீங்களே.

— அது துடைப்பம். இது மண்வெட்டி. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத குண்டூசி.

— குண்டூசின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது...

— உங்க அண்ணன் வெச்ச பேரு. வரட்டும், அவர்கிட்டயே கேளு. இப்போ மாஸ்க்கை மாட்டு, கிளவுஸைப் போடு, உள்ள போய் தவிட்டை எல்லாம் அள்ளிச் சாக்குல கட்டு. கொல்லையில குழி தயாரா இருக்கு. கொட்டி மூடிட்டா அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா! நீங்க சொல்றதைக் கேட்டா ஏதோ டீ ஆத்துற வேலை மாதிரி இருக்கு.

— வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல.

— இல்ல அண்ணி, நிஜமா... எனக்குத் தூசி ஆகாது. மூக்கு அடைச்சுக்கும்.

— என்னிக்கிலேர்ந்து?

— சின்ன வயசுலேர்ந்தே.

— நானும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷம் ஆச்சு. நீ ஒரு தும்மல் தும்மி நான் பார்த்ததில்ல. இங்க வந்த நாள்லேர்ந்து தினமும் அதே தவிட்டைக் கையால அளந்து ஆட்டுக்குப் போட்டது யாரு? உன் ஆவியா?

— அப்போ... மூச்சைப் பிடிச்சுக்குவேன்.

— இப்பவும் பிடிச்சுக்கோ.

— அண்ணி, விளையாடாதீங்க.

— யாருடி விளையாடுறா? அதுங்க கத்துறது காதுல விழுதா இல்லையா? பட்டியில நிக்கக் கூட மாட்டேங்குதுங்க. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலையுதுங்க.

— காலையில தழை வெட்டிப் போட்டேனே.

— தழை எத்தனை நேரம் தாங்கும்? வயித்துல குட்டியோட நிக்கிறதுங்க. பசிச்சா அப்படியே உசுரை உலுக்கும். நின்ன இடத்துல நிக்க முடியாது, கண்ணு இருட்டிக்கிட்டு வரும்...

— உங்ககிட்ட வந்து சொல்லிச்சாக்கும்.

— ஆடு வளர்க்கிறவளுக்குத் தெரியாதா? பேச்சை மாத்தாத. லாரி கிளம்பிடுச்சுன்னு உங்க அண்ணன் ஃபோன் பண்ணிட்டார். பொழுது சாயறதுக்குள்ள புது மூட்டையோட வந்து நிப்பார். அதுக்குள்ள அறை காலியாகணும், கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவணும், காயணும்.

— அண்ணனே வந்து பண்ணட்டுமே.

— எந்தக் கையால? தகரம் அடிக்கிறேன்னு போய் உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்டு வந்து தையல் போட்டிருக்கே, அந்தக் கையாலயா? புண்ணோட அந்தத் தவிட்டைத் தொடவே கூடாதுன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார்.

— சரி, ஆளு யாரையாவது கூப்பிடுங்க.

— கூப்பிடலைன்னு நினைச்சியா? ஆட்டுக்கு நோய்னு கேட்டதும் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குழி தோண்டிக் குடுத்தாரே, அவரு எப்படித் தோண்டினார் தெரியுமா? மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு, ஆடு இருக்கிற பக்கம் திரும்பாமலே தோண்டினார். ஆடு திரும்பிப் பார்த்தாலே ஒட்டிக்கும்னு நினைப்பு.

— அப்போ மூட்டையை மட்டும் வெளியில இழுத்துப் போட்டுடுவோம். நாளைக்குப் பார்த்துக்கலாம்.

— வெளியிலயா? உனக்குப் புத்தி எங்க போச்சு? அன்னிக்கு அரைச் சாக்கு புண்ணாக்கை வெளியில மறந்து வெச்சதுக்கே காட்டுப்பன்னி கூட்டமா வந்து வேலியைச் சாய்ச்சுட்டுப் போச்சு. உங்க அண்ணன் தகரம் அடிச்சதே அதுக்குத்தானே. இப்போ அறை முழுக்க இருக்கிறதை வெளியில பரப்பி வெச்சா, காட்டுல இருக்கிறது எல்லாம் சொந்தபந்தத்தோட வந்து இறங்கும்.

— இறங்கினா தின்னுட்டுப் போகட்டும். நமக்கு வேலை மிச்சம்.

— தின்னுட்டு அடுத்து எங்க வரும்? பட்டிக்கு. அன்னிக்கு ஒரு குட்டியை மிதிச்சே கொன்னுடுச்சு, மறந்துட்டியா? நீயும் நானும் நின்னு பார்த்தோம்.

— ...மறக்கல.

— அப்புறம் என்ன? எடு மண்வெட்டியை.

— நீங்க எடுங்க. நான் குழிகிட்ட நின்னு வாங்கிக் கொட்டுறேன்.

— கொட்டுற வேலையை நான் பார்த்துக்கிறேன். அள்ளுற வேலை உனக்கு.

— ஆகா! காத்தோட்டமா வெளியில நிக்கிற வேலை உங்களுக்கு, பூனைப் பீயை அள்ளுற வேலை எனக்கா?

— பூனையைக் கொண்டாந்தது யாரு? நானா?

— இதோ ஆரம்பிச்சுட்டீங்க.

— ஆரம்பிக்காம? புருஷன் வீட்டுலேர்ந்து கோவிச்சுக்கிட்டு வர்றவ மாத்துத்துணி கொண்டாருவா, நகை நட்டு கொண்டாருவா. நீ ஒரு பையில பூனையைப் போட்டுக்கிட்டு வந்து நின்ன. உங்க அண்ணன் பையைத் திறந்து பார்த்துட்டு மிரண்டு போய்ப் பின்னால விழுந்தார்.

— அதை அங்க விட்டுட்டு வர மனசு இல்ல அண்ணி. அது ஒண்ணுதான் அந்த வீட்டுல என் மூஞ்சியைப் பார்த்து...

— சரி சரி, கண்ணைக் கசக்காத. நான் சும்மா சொன்னேன்.

— எலி எலின்னு அழுதது நீங்கதானே? பெருச்சாளி மூட்டையைக் கடிச்சுது, தவிடெல்லாம் எலிப் புழுக்கைன்னு ஒப்பாரி வெச்சீங்க. பூனையைப் பார்த்ததும், ‘நல்லதாப் போச்சு, தீவன அறையில விடு’ன்னது யாரு?

— நான்தான். இல்லைன்னேனா? எலி ஒழிஞ்சுதா இல்லையா?

— ஒழிஞ்சுது. ‘மேனேஜர்’னு பட்டம் கட்டினது யாரு? ‘மேனேஜர் மேடம் இருக்காங்களா’ன்னு கேட்டுக்கிட்டுக் கதவைத் தட்டிட்டு உள்ள போனது யாரு?

— அதுவும் நான்தான். மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டு கண்ணை அரைக்கண்ணா வெச்சு ஒரு பார்வை பார்க்கும் பாரு... நாமதான் அதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு மாதிரி.

— அப்புறம் அதைக் குத்தம் சொன்னா எப்படி?

— அதை யாருடி குத்தம் சொன்னா? வரும்போதே வயித்தோட வந்திருக்கு, நமக்குத் தெரியலை. தவிட்டுத் தொட்டியிலயே நாலு குட்டியைப் போட்டுச்சு. மெத்துன்னு இருக்கேன்னு குட்டிங்க அதுக்குள்ளயே வெளிக்குப் போய், பதவிசா மூடியும் வெச்சிருக்கு. நான் என்னடான்னா, எலி மறுபடியும் தோண்டுதுன்னு நினைச்சு, நல்லாக் கிளறிச் சமமாக்கி...

— ஐயோ.

— ஆமா. நானே என் கையால கிளறி, நானே ஆடுங்க வாயில போட்டேன். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு ஆடு. மூணும் குறைமாசத்துல போட்டு... அதுங்க குட்டியை நக்கி நக்கிப் பார்த்துட்டு, எழுந்திரிக்கலைன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு பாரு. அதை நினைச்சா சோறு இறங்கலடி.

— நீங்க வேணும்னா பண்ணினீங்க?

— வேணும்னு பண்ணினா என்ன, தெரியாம பண்ணினா என்ன... டாக்டர் காலையில ஃபோன்ல என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு.

— எத்தனை தடவை சொல்றது? பூனைக்குட்டியோட கழிவுல ஒரு கிருமி இருக்குமாம். தீவனத்துல கலந்தா சினை ஆட்டுக்குக் கரு கலைஞ்சுடுமாம். பெரிய பூனையை விடக் குட்டிங்ககிட்டதான் ஜாஸ்தியாம். இருக்கிற தீவனத்தைப் பூரா புதைச்சுடணுமாம். இனிமே மூடி போட்ட டிரம்முல வெக்கணுமாம். மேனேஜர் வெளியில இருந்து எலி பிடிக்கலாமாம், உள்ள போகக் கூடாதாம்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? வெச்சுட்டார்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— இல்லையே.

— மனுஷங்களைப் பத்தி?

— மாஸ்க் போடணும், கிளவுஸ் போடணும், சோப்புப் போட்டுக் கை கழுவணும்னார்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். ஏன், உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?

— என்கிட்ட எதுக்குச் சொல்றார்? ஃபோனை எடுத்தது நீதானே.

— முந்தாநாள் வந்தப்போ பட்டியில நின்னு உங்ககிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரே...

— அது... சும்மா. தழை எங்க வெட்டுறீங்க, தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்கன்னு கேட்டார்.

— ஓகோ.

— என்ன ஓகோ?

— ஒண்ணுமில்ல. அவர் போனதுக்கு அப்புறம் நீங்க பட்டிப் பக்கமே போகல. அதான் கேட்டேன்.

— இடுப்பு வலின்னு சொன்னேன்ல!

— கத்தாதீங்க அண்ணி. ஆடு பயப்படுது.

— நான் எங்க கத்தினேன்? நீதான் வாயைக் கிளறுற. காலையில ஃபோன் பேசி முடிச்சதுலேர்ந்து நீயும்தான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குற. கதவுகிட்ட போற, வர்ற. தண்ணியை எடுக்கற, குடிக்காம வெக்கற. பட்டினி கிடக்கிற ஆடு கூட இத்தனை நடை நடக்கல.

— எனக்கு மட்டும் பதட்டம் இருக்காதா?

— உனக்கு எதுக்குப் பதட்டம்?

— எதுக்கா? ஆடு... மிச்சம் இருக்கிறதாவது பிழைக்கணும்ல.

— அதைத்தானே நானும் சொல்றேன்! பிழைக்கணும்னா உள்ள போ.

— நீங்க போங்க.

— நீ போ.

— நீங்கதான் பெரியவங்க.

— நீதான் சின்னவ. வயசுப் பொண்ணு, இரும்பு மாதிரி இருக்க. எனக்கு என்ன, உன்னை மாதிரி உடம்பா?

— இருக்கிறது இருபத்தஞ்சு ஆடு, அதுக்கு ரெண்டு பொம்பளைங்க நாம. கதவு முன்னாடி நின்னுக்கிட்டு நீ போ நான் போன்னு...

— சரி, சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமா?

— வேணாம்.

— ஏன் வேணாம்? தோத்துப் போயிடுவியோன்னு பயமா?

— ...ஆமா. பயம்தான்.

— என்னடி இது, நிஜமாவே மூஞ்சி வெளுத்துப் போச்சு? எலிக்கா பயப்படுற?

— எலிதான். பெருச்சாளி கால்ல ஏறிடும்.

— மேனேஜர் ஒரு பெருச்சாளியை மிச்சம் வெக்கல. பொய் சொல்றதுக்கும் ஒரு திறமை வேணும், குண்டூசி.

— இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டு இடுப்புல கையே வெக்காம வயித்துல கையை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தத் திறமையா?

— கை எங்கயாவது இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன அதைப் பத்தி?

— சரிங்க, கேக்கல.

— இங்க பாரு. உனக்காக உங்க அண்ணன் என்னெல்லாம் பண்றார்? நான் சொல்லிக் காட்டல. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்டுக்காக ஒரு வேலை செய்னா...

— சொல்லிக் காட்டலைன்னு சொல்லிட்டே சொல்லிக் காட்டுறீங்க.

— உன் புருஷன் கை நீட்டினான்னு நீ சொன்ன அன்னிக்கே அவன் வீட்டு வாசல்ல போய் நின்னவர்டி அவர். வேலைக்குப் போகும்போது உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவான்னு கேட்டதும் அப்படியே சுவத்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டார். 

— தெரியும் அண்ணி.

— அடுத்த வாரம் விவாகரத்துப் பேச ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உட்காரப் போறாங்க. வக்கீலைப் பார்த்துப் பேசிட்டார். சுலபமா முடிஞ்சுடும்னு சொல்லிட்டாங்களாம். ‘நல்ல வேளை, புள்ளை குட்டின்னு ஒண்ணும் இல்ல. அறுத்துக்கிட்டு வந்துடலாம்’னார். இருந்திருந்தா அதுக்காகன்னு சொல்லியே உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. நம்ம பக்கத்துப் பெரியவங்களே தலையாட்டியிருப்பாங்க. அப்போ தன்னாலயும் ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காதுன்னு அவரே சொன்னார்.

— அண்ணனா? அண்ணனா அப்படிச் சொன்னாரு?

— ஆமா, ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். ஏன்?

— இல்ல... ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காதுன்னா?

— பின்ன? அப்பன்னு ஒருத்தன் வந்து உரிமை கேட்டா என்ன சொல்றது? விடு, அதான் அப்படி எதுவும் இல்லையே. எதுக்கு உதட்டைக் கடிக்கிற?

— கடிக்கல. தண்ணி குடுங்க.

— இந்தா. குடி, வெச்சுடாத... குண்டூசி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காம நிஜத்தைச் சொல்லு.

— என்ன?

— டாக்டர் காலையில வேற ஒண்ணும் சொல்லலையா? நிஜமா?

— மறுபடியுமா? இல்ல அண்ணி!

— சொல்லியிருப்பார்டி.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

— ஏன்னா முந்தாநாள் என்கிட்ட சொன்னார்.

— ...என்ன சொன்னார்?

— வயித்துல புள்ளை இருக்கிற பொம்பளைங்க அந்தத் தவிட்டுக்கிட்டயும் போகக் கூடாது, செத்துப் பிறந்த குட்டியையும் தொடக் கூடாதுன்னு சொன்னார். அந்தக் கிருமி ஆட்டுக்குப் பண்ற மாதிரியே மனுஷிக்கும் பண்ணிடுமாம். யாராவது அப்படி வீட்டுல இருக்காங்களான்னு கேட்டார். அதைக் கேக்காம உன்கிட்ட மட்டும் ஃபோனை வெச்சிருப்பாரா?

— ...கேட்டார்.

— கேட்டாரா! அப்புறம் ஏன் சொல்லல?

— மறந்துட்டேன்.

— மறந்துட்டியா? மேனேஜர் வெளியில உட்கார்ந்து எலி பிடிக்கலாம்ங்கிற வரைக்கும் ஞாபகம் இருக்கு, இது மறந்து போச்சா?

— நீங்களும்தான் கேட்டதுக்கு, தழை எங்க வெட்டுறீங்கன்னு கேட்டார்னு சொன்னீங்க. நீங்க ஏன் மறைச்சீங்க?

— நான்... 

— அண்ணி, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. ஐயோ, எதுக்கு அழறீங்க?

— அழலடி. தானா வருது. இப்போ எல்லாத்துக்கும் வருது. ஆடு கத்தினா வருது, கதவு சாத்தினா வருது.

— அண்ணி... நீங்க...

— ம்.

— நிஜமாவா?

— நாள் தள்ளிப் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். இருக்குன்னு சொல்லிட்டாங்க.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது. சொல்லாத. ரெண்டு தடவை சொல்லி, ரெண்டு தடவையும் அந்த மனுஷன் தலைகால் தெரியாம ஆடினார். ரெண்டாவது தடவை தொட்டில் கட்டக் கூரையில கொக்கியே அடிச்சுட்டார். அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், இல்ல, கலைஞ்சு போச்சுன்னு சொல்றது இருக்கே... அதைச் சொல்ற வாயும் அதைக் கேக்குற மூஞ்சியும்... என்னால இன்னொரு தடவை முடியாதுடி. வயிறு வெளியில தெரியற வரைக்கும் வாயைத் திறக்கறதில்லைன்னு நினைச்சேன்.

— அதுக்காக என்கிட்ட கூடவா?

— உன்கிட்டயா? நீயே பாவம், ஒரு பையும் பூனையுமா வந்து நிக்கிற. உன் முன்னாடி என் சந்தோஷத்தை எப்படி விரிச்சு வெக்கறது?

— என்ன அண்ணி நீங்க...

— அதுவும் இல்லாம பயம். முதல் ஆடு போட்டப்போ நான்தான் பக்கத்துல இருந்தேன். ஒண்ணும் தெரியாம வெறுங்கையால இழுத்தேன், துடைச்சேன். அந்தத் தவிட்டை எத்தனை தடவை கிளறியிருப்பேன்? டாக்டர் சொன்ன அன்னிலேர்ந்து கண்ணை மூடினா அந்த ஆடு என்னைப் பார்த்த பார்வைதான் வருது. நாளைக்கு டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போறேன். சில பேருக்கு முன்னாடியே வந்து போயிருக்குமாம், அப்படின்னா ஒண்ணும் பண்ணாதாம். இப்போதான் வந்திருந்தா மருந்து இருக்காம். எனக்கு என்ன எழுதியிருக்கோ...

— ஒண்ணும் ஆகாது அண்ணி.

— நிஜமா ஆகாதுல்ல?

— ஆகாது. நான் சொல்றேன்ல.

— நீ சொன்னா... என்னவோ தெரியலை, கொஞ்சம் தெம்பா இருக்கு. உன்னை உள்ள போ உள்ள போன்னு விரட்டினேனே, மனசுல வெச்சுக்காத. வேற வழி தெரியலை எனக்கு.

— நான்தான் உங்களைப் போகச் சொன்னேன். ஐயோ, போயிருந்தீங்கன்னா? நான் சொன்னேன்னு ரோஷத்துல நீங்க மட்டும் உள்ள போயிருந்தீங்கன்னா?

— போகலையே. விடு... ஆமா, அதைக் கேக்க மறந்துட்டேன் பாரு. எனக்கு இருக்குன்னு உனக்குத் தெரியாதுல்ல? அப்புறம் டாக்டர் சொன்னதை எதுக்கு மறைச்ச?

— அதான் சொன்னேனே. மறந்துட்டேன்.

— ம்... என்ன மறதியோ.

— தள்ளுங்க. மண்வெட்டியைக் குடுங்க.

— குண்டூசி...

— மாஸ்க் எங்க? அந்தக் கிளவுஸை எடுங்க. இல்ல, நீங்க தொடாதீங்க, நானே எடுத்துக்கிறேன். நீங்க அந்த மரத்தடிக்குப் போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, நிக்காதீங்க.

— தூசி ஆகாதுன்னியே?

— ஆகும். மூச்சைப் பிடிச்சுக்குவேன்.

— என் தங்கமே! உன்னைக் குண்டூசின்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும். நான் தண்ணி கொதிக்க வெக்கட்டுமா? அதைச் செய்யலாம்ல?

— வைங்க. தூக்காதீங்க, வெச்சா போதும்.

— பூனைக்குட்டிங்களை முதல்ல சாக்குல எடு. பழைய மாட்டுக்கொட்டகையில விடு, மேனேஜர் தானா பின்னாலயே வந்துடும். அது சீறினா பயப்படாத, உன்னை ஒண்ணும் பண்ணாது. உன் கூடவே வந்ததுதானே.

— சரி.

— தவிட்டை அள்ளும்போது மெதுவா அள்ளு. மேல தெறிக்க விடாத. முடிச்சுட்டு நேராக் குளிக்கப் போயிடு. போட்டிருக்கிற துணியைத் தனியா ஊற வெச்சுடு.

— சரி அண்ணி.

— உங்க அண்ணன் வந்ததும் சொல்லிடலாமா? சொல்லலாம்னு தோணுது இப்போ. உன்கிட்ட சொன்னதும் பாரமே இறங்கின மாதிரி இருக்கு. வேணாம், ரத்த டெஸ்ட் பார்த்துட்டே சொல்லலாம். பொண்ணா இருந்தா உன் மூக்கு வரணும், வாய் மட்டும் வரக் கூடாது... என்னடி, கதவைத் திறந்துட்டு நின்னுட்ட? பூட்டு மாட்டிக்கிச்சா?

— இல்ல.

— மேனேஜர் சீறுதா?

— அது தூங்குது.

— அப்புறம் என்ன? பொழுது இறங்குதுடி. லாரிச் சத்தம் மாதிரி கேக்குது. போ.

— போறேன் அண்ணி. போகத்தான் பார்க்கிறேன்.

— என்ன ஆச்சு உனக்கு? மண்வெட்டியைக் கீழ வை. நான் அங்க வரேன்.

— வராதீங்க! அங்கயே நில்லுங்க அண்ணி, கிட்ட வராதீங்க... உள்ள போயிட்டா எல்லாம் தானா கலைஞ்சு முடிஞ்சுடும்னுதான் நினைச்சேன். அண்ணன் சொன்ன மாதிரி அறுத்துக்கிட்டு வந்துடலாம், யாரும் என்னை இழுத்துக்கிட்டுப் போய்ப் பூட்டி வெக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். கால் உள்ள போக மாட்டேங்குது அண்ணி... எனக்கும் இருக்கு. எனக்கு இது வேணும். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.